இலையில் தொடங்கி ஆட்டில் முடிகிற பாடம்

தீவுகளில் மட்டுமே வளர்ந்து, இப்போது ஒன்றிரண்டாக எஞ்சி நிற்கும் செடிகளைப் பற்றிப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று சக ஆசிரியர்கள் கேட்பதுண்டு. நான் முதலில் சொல்வது இதுதான்: எத்தனை மிச்சம், எவ்வளவு அழிந்தது என்று ஆரம்பிக்காதீர்கள். செடியின் உடம்பிலிருந்து ஆரம்பியுங்கள்.

காரணம் உண்டு. ஆறாம் வகுப்புக்கு வருவதற்குள்ளேயே பிள்ளைகள் புலி, பனிக்கரடி, பவளப்பாறை என்று அழிவுச் செய்திகளைக் காது புளிக்கக் கேட்டுவிடுகிறார்கள். இன்னொரு பட்டியலை நீட்டினால், சோகமாக இருக்க வேண்டிய நேரம் இது என்று புரிந்துகொண்டு மரியாதையாக முகத்தைத் தொங்கப்போடுவார்கள். மணி எப்போது அடிக்கும் என்று பார்ப்பார்கள். அதே பிள்ளைகளிடம் இரண்டு இலைப் படங்களைக் காட்டி, "இது ரெண்டும் ஒரே செடியோடது, எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். விட மாட்டார்கள்.

நான் வழக்கமாகக் காட்டும் இரண்டு இலைகள் இந்தியப் பெருங்கடலில், மொரீஷியஸைச் சேர்ந்த ரொட்ரிகஸ் தீவின் 'கஃபே மரோன்' செடியுடையவை. காப்பிக் குடும்பத்துச் செடி. குட்டியாக இருக்கும்போது இலை நாடா மாதிரி நீளமாக, ஒடுங்கி, பழுப்புத் திட்டுகளோடு இருக்கும்; பார்த்தால் காய்ந்த சருகு என்றே தோன்றும். வளர்ந்த பிறகு வரும் இலை சாதாரணமாக, முட்டை வடிவத்தில், பச்சைப்பசேல் என்று இருக்கும். கரும்பலகையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிட்டு நான் பேசாமல் நின்றுவிடுவேன். வெயில், தண்ணீர்ப் பஞ்சம், நோய் என்று பதில்கள் வரும். எல்லாவற்றையும் எழுதி வைப்பேன். பிறகு ஒரே ஒரு துப்பு: அந்தத் தீவில் ஆடு மாடு எதுவும் ஆதியில் கிடையாது, இலை தின்னும் பெரிய பிராணி ஒன்று இருந்தது, அதற்குக் கழுத்து ஓரளவுக்கு மேல் எட்டாது.

யாராவது ஒருவர் "ஆமை!" என்று கத்துவார். ராட்சத ஆமை. அதன் வாய்க்கு எட்டும் உயரம்வரை சருகு வேஷம், அதற்கு மேலே போனதும் வேஷத்தைக் கலைத்துவிடலாம். இது ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கம், நிரூபிக்கப்பட்ட விஷயம் அல்ல என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவேன். ஆனால் அதற்குள் இரண்டு பேர் தரையில் மண்டியிட்டு, கழுத்தை நீட்டி, அளவுகோலை வைத்து எட்டும் உயரத்தை அளந்துகொண்டிருப்பார்கள். அந்த ஆமைகள் மனிதர் வந்த பிறகு ஒன்று விடாமல் தின்று தீர்க்கப்பட்டன. செடியின் வேஷத்துக்கு இப்போது பார்வையாளர் இல்லை. பின்னால் வந்து இறங்கிய ஆடுகளுக்கோ எந்த உயரமும் எட்டும், சருகா தளிரா என்ற கவலையும் கிடையாது. "ஐயோ, அப்ப செடி?" என்ற கேள்வி வகுப்பிலிருந்தே வந்துவிடும். அரிது என்பதை நான் சொல்லவே வேண்டியதில்லை.

இதே புதிரை ஹவாயின் சயேனியா செடிகளை வைத்தும் போடலாம். சில இனங்களில் இளஞ்செடிக்கும் தாழ்ந்த பகுதிக்கும்தான் முள், மேலே போகப் போக முள் குறைந்துவிடும். அங்கே ஆமை கிடையாது; பறக்காத பெரிய வாத்துகள் இருந்தன, அவையும் அழிந்துவிட்டன. ஒரு புதிரை அவிழ்த்த வகுப்பு இரண்டாவதைச் சீக்கிரமே அவிழ்த்துவிடும், அதுவே அவர்களுக்கு ஒரு தெம்பு.

கஃபே மரோன் கதையை இங்கே நிறுத்த முடியாது. அது அழிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். 1980 வாக்கில் அந்தத் தீவின் பள்ளி ஆசிரியர் ஒருவர் அபூர்வச் செடிகளின் படங்களைக் காட்டி, தேடிப் பாருங்கள் என்று மாணவர்களிடம் சொல்லியிருக்கிறார். ஒரு பையன் ஒரு கிளையோடு வந்து நின்றான். இருந்தது ஒரே ஒரு செடி. இந்த இடத்தில் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். கண்டுபிடித்தவன் தங்கள் வயசு ஆள்!

ஆனால் எனக்கு இந்தக் கதையில் பிடித்த பகுதி அதற்கு அடுத்தது. செய்தி பரவியதும் ஊர்க்காரர்கள் செடியின் கிளைகளை ஒடிக்க ஆரம்பித்தார்கள். நாட்டு மருந்துக்கு ஆகும் என்ற நம்பிக்கை. வேலி போட்டார்கள், வேலியைத் தாண்டியும் ஒடித்தார்கள். வேலியைப் பலப்படுத்தினார்கள். இங்கே நிறுத்தி வகுப்பை இரண்டு கட்சியாகப் பிரித்துவிடுவேன். ஒரு கட்சி, செடி இருக்கும் இடத்தை எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று வாதாடணும். மற்ற கட்சி, ரகசியமாக வைக்கணும். ஊருக்குத் தெரிந்தால்தானே ஊர் காக்கும் என்று ஒருவர் கேட்பார். தெரிந்ததால்தானே ஒடித்தார்கள் என்று பதில் வரும். பாதி வாதத்தில் கட்சி மாறுகிறவர்களும் உண்டு. நான் தீர்ப்புச் சொல்வதில்லை, ஏனென்றால் இந்த வேலையில் இருப்பவர்களே செடிக்குச் செடி வேறு வேறு முடிவுதான் எடுக்கிறார்கள். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன்: இப்போதெல்லாம் ரகசியத்தை உடைக்க வாயே திறக்க வேண்டாம். போனில் எடுத்த படத்தோடு இடக்குறிப்பும் ஒட்டிக்கொண்டு போய்விடும். அபூர்வச் செடி எதையாவது படம் எடுத்தால், யாருக்கும் அனுப்புவதற்கு முன் அந்த இடக்குறிப்பை நீக்கு. இதை வகுப்பிலேயே ஒரு படத்தை வைத்துச் செய்து காட்டினால் போதும், அப்புறம் அவர்கள் வீட்டில் போய்ப் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்.

1986இல் அந்த ஒற்றைச் செடியின் கிளைத்துண்டுகள் இங்கிலாந்தின் கியூ தாவரவியல் பூங்காவுக்குப் போயின. துண்டு வேர் பிடித்தது, வளர்ந்தது, பூக்கவும் பூத்தது. காய்தான் பிடிக்கவில்லை. 2003இல் அங்கிருந்த கார்லோஸ் மக்டலேனா என்ற தோட்டக்கலைஞர் பூவின் சூலகமுடியை, அதாவது மகரந்தத்தை ஏற்கும் பெண் உறுப்பின் நுனியை, வெட்டியெடுத்து, வெட்டிய இடத்திலேயே மகரந்தத்தை வைத்துப் பார்த்தார். பலமுறை முயன்ற பிறகு ஒரு காய் பிடித்தது. அதன் வழியில் வந்த விதைகள் ரொட்ரிகஸுக்கே திரும்பிப் போயின.

'சூலகமுடி' என்று நான் சொன்னதும் பாதி வகுப்பின் கண்ணில் பாடப்புத்தகப் படம்தான் தெரியும். அதனால் இந்தக் கதைக்கு முன்போ பின்போ கையால் மகரந்தம் சேர்க்கும் வேலையை ஒருமுறையாவது செய்ய வைக்க வேண்டும். அபூர்வச் செடி தேவையே இல்லை, பூசணிக்கொடி போதும். ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி, இரண்டும் பெரிசு, சின்ன விரல்களுக்கும் வசதி. பெண் பூவுக்கு அடியில் பிஞ்சு மாதிரி ஒரு புடைப்பு இருக்கும். ஆண் பூ மெல்லிய நீளக் காம்பில் நிற்கும்.

நேரம்தான் முக்கியம். பூசணிப் பூ விடியலில் விரிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருங்கிவிடும். ஆகவே மதியப் பாடவேளை இதற்கு ஆகாது. தலைமையாசிரியரிடம் பேசி முதல் பாடவேளையை வாங்கிக்கொள்ளுங்கள். முந்தின நாள் சாயங்காலமே, மஞ்சள் தட்டி மறுநாள் விரியப்போகும் மொட்டுகளைப் பார்த்து, நூலால் நுனியைக் கட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் தேனீ முந்திக்கொள்ளும். காலையில் ஆண் பூவைப் பறித்து, இதழ்களைப் பிய்த்துவிட்டு, நடுவில் நிற்கும் மகரந்தத் தண்டைப் பெண் பூவின் சூலகமுடியில் மெல்ல ஒற்றி எடுக்க வேண்டும். மறுபடி கட்டு. தேதியும் பெயரும் எழுதிய சீட்டைத் தொங்கவிடு. கட்டாயம் ஒன்றிரண்டு பெண் பூக்களை மகரந்தம் வைக்காமலே கட்டி வைக்கச் சொல்வேன். பிள்ளைகளுக்கு அது அநியாயமாகப் படும். "அது பாவம் டீச்சர், அதுக்கும் வெச்சிடலாமே" என்று கெஞ்சுவார்கள். அசையாதீர்கள்.

சில நாட்களில் மகரந்தம் வைத்த பிஞ்சுகள் பருக்கும். வைக்காதவை மஞ்சளித்து உதிரும். வைத்தவற்றிலும் சில உதிரும், அதுவும் நல்லதுதான். கார்லோஸ் ஏன் அத்தனை முறை முயன்றார் என்பதற்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. உதிர்ந்த பிஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு தன் பெயர்ச் சீட்டையே திரும்பத் திரும்பப் பார்த்த ஒரு பையனை எனக்கு நினைவிருக்கிறது.

வைக்காமல் விட்ட பூவின் அருமை அடுத்த கதையில்தான் புரியும். மொரீஷியஸில் தம்பலகோக் என்றொரு மரம். 1977இல் ஸ்டான்லி டெம்பிள் என்ற விஞ்ஞானி ஒரு கருத்தை வெளியிட்டார்: பதின்மூன்று மரங்கள்தான் மிச்சம், எல்லாமே முந்நூறு வயதுக்கு மேல், டோடோ பறவை பழத்தைத் தின்று, அதன் இரைப்பையில் கொட்டை தேய்ந்தால்தான் விதை முளைக்கும், டோடோ போனதால் மரமும் போகிறது. வான்கோழிகளுக்குப் பதினேழு பழங்களை ஊட்டினார், பத்துக் கொட்டைகள் உடையாமல் வந்தன, மூன்று முளைத்தன. அழகான கதை, பிள்ளைகள் அப்படியே மயங்கிப்போவார்கள். நானும் முழுசாக ரசித்தே சொல்வேன். சொல்லி முடித்துவிட்டு, "இந்தச் சோதனையில என்ன குறையுது?" என்று கேட்பேன். பூசணி கட்டிய வகுப்பில் யாராவது ஒருவர் கண்டுபிடித்துவிடுவார்: வான்கோழி தின்னாத கொட்டையை அவர் நட்டுப் பார்க்கவே இல்லையே!

அதேதான் மற்ற விஞ்ஞானிகளும் கேட்டார்கள். தேய்க்காத கொட்டையும் முளைக்கும் என்பது 1940களிலேயே பதிவாகியிருந்தது. இளைய மரங்களும் இருக்கின்றன. பன்றி, குரங்கு, எலி, வெளியிலிருந்து வந்து படர்ந்த செடிகள் எல்லாம் சேர்ந்துதான் அந்த மரத்தை நெருக்குகின்றன. டோடோ கதையை இன்னும் பல இடங்களில் உண்மை என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பாதுகாப்பு வேலைக்கு நல்ல கதை வேண்டும், சரி. கதை பொய்த்தால் காசும் உழைப்பும் தவறான இடத்துக்குப் போகும் என்பதையும் இந்த வயதிலேயே தெரிந்துகொள்ளட்டும். விலங்கு விதையைப் பரப்புவதே கட்டுக்கதை என்று பிள்ளைகள் மறுகோடிக்குத் தாவிவிடக் கூடாது. அதற்கும் மொரீஷியஸிலேயே பதில் இருக்கிறது: இல் ஓ எக்ரெட் என்ற சின்னத் தீவில் அழிந்த ஆமைகளுக்குப் பதிலாக அல்டாப்ரா ராட்சத ஆமைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை அங்குள்ள கருங்காலி மரத்தின் பழத்தைத் தின்று, தாய்மரத்திலிருந்து தள்ளிப் போய் விதையைப் போடுகின்றன. அங்கெல்லாம் கன்றுகள் எழும்புகின்றன.

அட்லாண்டிக்கில் தன்னந்தனியாகக் கிடக்கும் செயின்ட் ஹெலினாவை எடுத்தால் இரண்டு செடிகளை ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும். ஒன்று, செயின்ட் ஹெலினா ஆலிவ். காட்டிலிருந்த கடைசி மரம் 1994இல் செத்தது. வளர்த்துக்கொண்டிருந்த கடைசிக் கன்று 2003இல் பூஞ்சை தாக்கிச் செத்தது. முடிந்தது. இன்னொன்று, செயின்ட் ஹெலினா எபனி. நூறு வருஷத்துக்கும் மேலாக யாரும் பார்க்கவில்லை; 1980இல் தாவரவியலாளர் குவென்டின் கிராங்க், தீவுக்காரர் ஜார்ஜ் பெஞ்சமின் இருவரும் செங்குத்தான பாறைச் சரிவில் இரண்டு புதர்களைப் பார்த்தார்கள். கயிறு கட்டி இறங்கிக் கிளைத்துண்டு எடுத்துவந்தார்கள். இன்று தீவில் மறுபடி நட்டு வளர்க்கிறார்கள். ஆலிவை மட்டும் சொன்னால் பிள்ளைகள் கையை விரித்துவிடுவார்கள். எபனியை மட்டும் சொன்னால், எப்படியும் யாராவது காப்பாற்றிவிடுவார்கள் என்று நிம்மதியாகப் போய்விடுவார்கள்.

ஆலிவுக்கு ஒரு சிக்கல் இருந்தது. தன் மகரந்தத்தைத் தானே அவ்வளவாக ஏற்காது. ஒற்றை மரம் எவ்வளவு பூத்தும் விதை அநேகமாக இல்லை. இதைப் புரியவைக்க நான் வண்ணச் சீட்டு ஆட்டம் ஒன்று வைத்திருக்கிறேன். ஆளுக்கு ஒரு சீட்டு. வேறு நிறம் வைத்திருப்பவரோடு சேர்ந்தால்தான் 'விதை'. முதல் சுற்றில் பல நிறங்கள், ஒரே கலகலப்பு. இரண்டாவது சுற்றில் எல்லோருக்கும் பச்சை. கொஞ்ச நேரம் ஓடிப் பார்த்துவிட்டு நின்றுவிடுவார்கள். "இத்தனை பேர் இருக்கோமே டீச்சர்?" ஆமாம், ஆனால் எல்லோரும் ஒரே செடியின் கிளையில் வெட்டிய துண்டுகள், நூறு தொட்டி இருந்தாலும் அது ஒரு ஆள்தான். கிளைத்துண்டில் வளர்ப்பது எதைக் காப்பாற்றுகிறது, எதைக் காப்பாற்றாது என்பதைப் பாடமாகச் சொல்லி நான் இவ்வளவு சுலபமாகப் புரியவைத்ததில்லை.

இனி ஆடு. இந்தப் பாடத்தில் தவிர்க்கவே முடியாத, ஆசிரியர்கள் பெரும்பாலும் தவிர்க்கிற இடம். செயின்ட் ஹெலினாவில் போர்த்துகீசியர் 1513 வாக்கிலேயே ஆடுகளை விட்டுவிட்டார்கள். நியூசிலாந்துக்கு வடக்கே த்ரீ கிங்ஸ் தீவுகளில் 1889இல் சில ஆடுகளை விட்டார்கள். எதற்கு? கப்பல் உடைந்து கரை ஒதுங்குகிறவர்கள் பட்டினி கிடக்கக் கூடாது என்பதற்காக. நல்ல எண்ணம். 1945இல் ஜெஃப் பேலிஸ் என்ற தாவரவியலாளர் போய்ப் பார்த்தபோது பென்னன்ஷியா பேலிசியானா என்று பின்னால் பெயர் பெற்ற மரம் ஒன்றே ஒன்று நின்றது. உலகத்திலேயே ஒன்று. அடுத்த வருஷம் ஆடுகளை ஒன்று விடாமல் சுட்டுக் கொன்றார்கள். காடு மீண்டது. அந்த மரத்தின் போத்துகளிலிருந்து வளர்ந்த மரங்களில் பல பத்தாண்டுகள் கழித்து விதையும் கிடைத்தது.

"சுட்டுக் கொன்றார்கள்" என்பதை "அகற்றினார்கள்" என்று பூசி மெழுகுவதில் எனக்கு உடன்பாடில்லை. எட்டாம் வகுப்புக்கு மேல் நேராகவே சொல்கிறேன். அதற்குக் கீழே, ஆடுகள் இல்லாமல் ஆக்கினார்கள் என்று சொல்லி, எப்படி என்று கேட்டால் மட்டும் பதில் சொல்கிறேன், யாராவது கேட்டுவிடுவார்கள். ஒரு மாணவி, "ஆடு என்ன தப்பு பண்ணுச்சு?" என்று கேட்டுவிட்டு அழுதே விட்டாள். ஆடு ஒரு தப்பும் செய்யவில்லை என்றுதான் சொன்னேன். வேறு வழி இருக்கா என்று அவர்களே யோசிக்கட்டும் என்று விட்டேன். பிடித்துக் கப்பலில் ஏற்றலாம், வேலி போடலாம், குட்டி போடாமல் செய்யலாம் என்று எழுதினார்கள். ஒவ்வொன்றையும் எடுத்து, செங்குத்துப் பாறையில் எப்படிப் பிடிப்பது, இரண்டு ஆடு தப்பினால் பத்து வருஷத்தில் எத்தனை ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். எல்லோரும் ஒரே முடிவுக்கு வரவில்லை. வர வேண்டும் என்றும் நான் எதிர்பார்க்கவில்லை. பெற்றோரிடமிருந்து புகார் வரும் என்று பயந்தால், முன்கூட்டியே ஒரு குறிப்பு அனுப்பிவிடுங்கள்.

ஆட்டைவிடச் சின்ன விருந்தாளிகளைப் பற்றிப் பேச நம் கால்களையே கொண்டுவரலாம். ஹவாயில் ஒஹியா மரங்களை ஒரு பூஞ்சை நோய் கூட்டம் கூட்டமாகக் கொல்கிறது. அங்கே மலைப்பாதைகளின் வாசலில் செருப்பு, ஷூவைத் துலக்க பிரஷ்ஷும் தெளிக்க ஆல்கஹாலும் வைத்திருக்கிறார்கள். இதற்கு வகுப்பில் செய்ய வேண்டியது சுலபம். புல்வெளியில் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து, ஷூவின் அடிப்பள்ளம், சாக்ஸ், கால்சட்டை மடிப்பு எல்லாவற்றையும் வெள்ளைத் தாளின் மேல் சுரண்டச் சொல்லுங்கள். உருப்பெருக்கியில் விதைகளைத் தேடட்டும். சுரண்டிய மண்ணை ஒரு தட்டில், அடுப்பில் வறுத்து ஆறவைத்த மண்ணின் மேல் பரப்பி, ஈரம் காயாமல் வைத்தால் சில நாட்களில் ஏதேதோ முளைக்கும். வறுத்த மண் மட்டும் உள்ள தட்டு ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும். இதற்குள் அதை வைக்கச் சொல்லிப் பிள்ளைகளே நச்சரிப்பார்கள். முளைத்ததைத் தோட்டத்தில் கொட்டிவிடாதீர்கள். வெயிலில் நன்றாகக் காயவிட்டு, பையில் கட்டிக் குப்பையில் போட வேண்டும்.

செம்மயில்கொன்றை (குல்மோகர்), நித்தியகல்யாணி, விசிறிவாழை மூன்றுக்கும் சொந்த ஊர் மடகாஸ்கர் என்பது பலருக்குத் தெரியாது. வெப்பநாடுகளில் தெருவெல்லாம் நிற்கும் செம்மயில்கொன்றை, இயற்கைக் காட்டில் அங்கே மட்டும்தான் உண்டு. அந்தக் காடு சுருங்கிக்கொண்டே வருகிறது. விசிறிவாழையின் பூவுக்கு அங்கே லெமூர்தான் மகரந்தம் சேர்க்கிறது, மூக்கெல்லாம் மஞ்சள் தூளோடு. தீவுச் செடியைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்கும் வகுப்பை இந்த மரங்களுக்கு அடியில் கூட்டிக்கொண்டு போகலாம். நித்தியகல்யாணியிலிருந்து ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறார்கள் என்பதையும் சொல்லலாம், ஆனால் அதையே காரணமாக நிறுத்துவது எனக்குப் பிடிப்பதில்லை. கஃபே மரோனை ஒடித்தவர்களும் மருந்து என்றுதானே ஒடித்தார்கள்? ஒரு மாணவர் இதைச் சொல்லிக் காட்டியபோது என் வேலை மிச்சமானது.

விதை வாங்கி வளர்க்கலாமா என்று சிலர் ஆர்வமாகக் கேட்பார்கள். இணையத்தில் 'அபூர்வ விதை' என்று விற்பதில் பல போலி. போலி இல்லாவிட்டால் திருட்டாக இருக்கலாம். வேண்டாம்.

தேர்வுக்கு நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். ஒரு தீவில் ஒரே ஒரு செடி இருக்கிறது, நீதான் காவல், உன்னிடம் ஒரு வருஷமும் இரண்டு உதவியாளர்களும் இருக்கிறார்கள். முதல் மாதத்திலிருந்து என்ன செய்வாய், வரிசையாக எழுது. பெயர்களும் ஆண்டுகளும் நினைவில் இல்லாதவர்கள்கூடப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். ஆணா பெண்ணா என்று முதலில் பார்க்க வேண்டும் என்று ஒருவன். வேலி போடுவேன், பலகை வைக்க மாட்டேன் என்று ஒருத்தி. உதவியாளர்களின் ஷூவைக் கழுவுவதற்கே ஒரு பத்தி ஒதுக்கியவர்களும் உண்டு. பெரும்பாலும் எல்லோரும் விட்டுவிடுவது ஒன்று: எடுத்த கிளைத்துண்டுகளை ஒரே தோட்டத்தில் வைத்தால், அங்கே பூஞ்சை வந்தால் என்ன ஆகும்? விடைத்தாளின் ஓரத்தில் இந்தக் கேள்வியை மட்டும் எழுதித் திருப்பிக் கொடுப்பேன். ஆலிவின் கடைசிக் கன்று எப்படிப் போனது என்று தேடிக்கொண்டு, குறிப்பேட்டின் பழைய பக்கங்களைப் புரட்டுவார்கள்.